பத்தில் ஏழு பேருக்கு வேலை என்றால் திட்டம் வென்றுவிட்டதா?

உங்கள் நகரில் இளைஞர்களுக்கு இலவசத் தொழிற்பயிற்சி தரும் அரசுத் திட்ட மையம் ஒன்று நான்கு ஆண்டுகளாக நடக்கிறது. 'பயிற்சி முடித்தவர்களில் பத்தில் ஏழு பேருக்கு வேலை' என்று வாசலில் பலகை வைத்திருக்கிறார்கள். ஆனால் உங்கள் தெருவில் வேலையில்லாமல் இருக்கும் பிள்ளைகள் குறைந்ததாகத் தெரியவில்லை. திட்டம் வெற்றியா, தோல்வியா, இதை எப்படித்தான் அளப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். பலகை பொய் சொல்கிறதோ என்ற சந்தேகம் உங்கள் கேள்வியில் தெரிகிறது. அதை ஒரு நிமிடம் ஒதுக்கி வைப்போம். பலகையில் இருப்பது எழுத்துக்கு எழுத்து உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், உங்கள் கேள்வி அப்படியே நிற்கும். அந்த ஏழு பேர் பயிற்சிக்கே போகாமல் இருந்திருந்தால் அவர்களில் எத்தனை பேர் இன்று வேலையில் இருந்திருப்பார்கள்? நீங்கள் உண்மையில் கேட்டிருப்பது இதைத்தான். பலகையில் இதற்கு விடை இல்லை.

பதினேழு ஆண்டுகளாக இத்தகைய திட்டங்களை மதிப்பிடும் வேலையில் இருக்கிறேன். முதல் ஆறு ஆண்டுகள் வீடு வீடாகப் போய்க் கேள்வித்தாள் நிரப்பினேன். பிறகு ஆய்வுகளை வடிவமைக்கும் பக்கம் வந்தேன். இந்தக் கேள்வியின் கனத்தை எனக்குப் புரியவைத்தவர் அம்பத்தூரில் சந்தித்த ஓர் இளைஞர். தொழிற்பேட்டையில் ஒரு சிறு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தவர். ஒப்பந்தம் முடிந்து வேலை போய், இரண்டு மாதம் வீட்டில் இருந்தார். அந்த நேரத்தில் ஒரு பயிற்சி மையத்தில் மூன்று மாதப் படிப்புக்கு ஆள் சேர்த்தார்கள். பஸ் செலவுக்குப் பணமும் கொடுத்தார்கள். சேர்ந்துவிட்டார். பயிற்சி முடிந்த மூன்றாவது வாரம், பழைய பட்டறையிலிருந்து நான்கு தெரு தள்ளி இன்னொரு பட்டறையில் அதே லேத் வேலை. மையத்தின் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே 'பணியமர்த்தப்பட்டார்' என்று பச்சை மையில் எழுதியிருந்தது. எழுதியவர் பொய் எழுதவில்லை. "பழைய மேஸ்திரிதான் போன் செய்து வரச் சொன்னார், சான்றிதழை யாரும் கேட்கவில்லை" என்று அவர் சொன்னபோது, அதற்கு முந்தைய ஆறு ஆண்டுகளில் நான் நிரப்பிய கேள்வித்தாள்கள் எல்லாம் கண்முன் வந்து நின்றன. இந்த ஒரு கேள்விக்கு அவற்றில் கட்டமே இல்லை.

அவர் தனி மனிதர் அல்லர், ஒரு வகைமாதிரி. பயிற்சிக்கு வருகிறவர்களின் வருமானம், வருவதற்குச் சற்று முந்தைய காலத்தில் சரிந்திருக்கும் என்பதை 1978-இல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஆர்லி ஆஷென்ஃபெல்டர் எழுதினார். எங்கள் துறையில் இன்றும் அதை 'ஆஷென்ஃபெல்டர் சரிவு' என்றே சொல்கிறோம். வேலை போனவர், கடை நொடித்தவர், நோயில் விழுந்து எழுந்தவர் ஆகியோர்தான் அந்த நேரத்தில் பயிற்சி மையத்தின் கதவைத் தட்டுகிறார்கள். பள்ளத்தில் இருப்பவர் பெரும்பாலும் தாமாகவே ஓரளவு மேலே வந்துவிடுவார். ஆகவே சேரும்போது வருமானம் இவ்வளவு, ஓராண்டு கழித்து இவ்வளவு என்று கழித்துப் பார்க்கும் கணக்கு ஏறக்குறைய எப்போதும் திட்டத்தைத் தூக்கிக் காட்டும். அரசு அறிக்கைகளில் நான் அதிகமாகப் பார்த்த கணக்கு இதுதான்.

அப்படியானால் சேர்ந்தவர்களைச் சேராதவர்களோடு ஒப்பிடலாமே என்று தோன்றும். அதிலும் பள்ளம் இருக்கிறது. தானாக விசாரித்து, சான்றிதழ் நகல் எடுத்து, வரிசையில் நின்று சேர்ந்த பையனும், அதே தெருவில் விண்ணப்பமே வாங்காத பையனும் ஒரே மாதிரி அல்லர். முன்னவனுக்கு முனைப்பு அதிகம். பயிற்சி இல்லாமலும் எங்காவது நுழைந்திருப்பான். இந்தச் சிக்கல் எவ்வளவு பெரியது என்பதை 1986-இல் பொருளாதார அறிஞர் ராபர்ட் லலோண்ட் வெளியிட்ட கட்டுரை வெட்டவெளிச்சமாக்கியது. 1970-களில் அமெரிக்காவில் சிறையிலிருந்து வந்தவர்கள், போதைப் பழக்கத்திலிருந்து மீண்டவர்கள், பள்ளியை விட்டவர்கள், அரசு உதவியில் வாழ்ந்த தாய்மார்கள் ஆகியோருக்கு வேலை அனுபவம் தரும் திட்டம் ஒன்று நடந்தது. அதில் சேர்க்கை குலுக்கல் முறையில் நடந்ததால், உண்மையான பலன் தெரிந்திருந்தது; ஆண்களுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 900 டாலர் கூடுதல். லலோண்ட் குலுக்கலில் விடுபட்டவர்களை ஒதுக்கிவிட்டு, தேசிய அளவிலான கணக்கெடுப்புகளிலிருந்து எடுத்த ஆட்களோடு ஒப்பிட்டு, அந்நாளைய புள்ளியியல் முறைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். விடைகள் எங்கெங்கோ போயின. திட்டத்தால் வருமானம் குறைந்தது என்றுகூட சில முறைகள் காட்டின. ஒரே திட்டம், ஒரே ஆட்கள். யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதை மாற்றினால் வெற்றி தோல்வியாகிவிடுகிறது.

அதனால்தான் குலுக்கலை நாங்கள் இவ்வளவு பிடிவாதமாகக் கேட்கிறோம். நூறு இடத்துக்கு இருநூறு பேர் விண்ணப்பித்தால், நூறு பேரைச் சீட்டு எடுத்துச் சேர்த்து, மற்ற நூறு பேரையும் ஓராண்டு, இரண்டாண்டு தொடர்ந்து பார்க்க வேண்டும். இரு பக்கமும் விண்ணப்பித்தவர்கள்தான். முனைப்பு சமம், சரிவும் சமம். ஏழைப் பிள்ளைகளை வைத்துச் சீட்டுக் குலுக்குவதா என்று அதிகாரிகள் சிலர் என்னிடம் கோபப்பட்டதுண்டு. எப்படியும் நூறு பேரைத் திருப்பி அனுப்பத்தான் போகிறார்கள். யாருக்கு ஆள் தெரியும், யார் முதல் நாளே வந்தார் என்று பார்த்து அனுப்புவதைவிடச் சீட்டு நியாயமானது என்பது என் உறுதியான எண்ணம். குலுக்கலுக்கு வழியில்லாத இடத்தில் நுழைவுத் தேர்வு இருந்தால், 50 மதிப்பெண் வாங்கிச் சேர்ந்தவரையும் 49 வாங்கி விடுபட்டவரையும் ஒப்பிடலாம். அது இரண்டாந்தரம்தான், ஆனாலும் நல்லது.

இப்படிக் கறாராக அளந்தபோது கிடைத்த விடைகள் பலருக்குக் கசந்தன. துருக்கியில் அரசு வேலைவாய்ப்பு நிறுவனம் நடத்திய பயிற்சிகளுக்கு விண்ணப்பித்த 5,902 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்தார்கள். ஓராண்டு கழித்து வேலையில் இருப்போர் விகிதத்தில் இரு குழுவுக்கும் வேறுபாடு சுமார் இரண்டு விழுக்காட்டுப் புள்ளிதான், அதாவது நூறு பேருக்கு இரண்டு பேர். தற்செயல் என்று தள்ளிவிடக்கூடிய அளவு. பயிற்சியில் சேர்ந்தவர்களும் நடத்திய அலுவலர்களும் எதிர்பார்த்தது அதைவிடப் பல மடங்கு. வளரும் நாடுகளில் நடந்த இத்தகைய ஆய்வுகளை உலக வங்கியின் டேவிட் மெக்கன்சி 2017-இல் தொகுத்தார். பயிற்சி வாய்ப்புப் பெற்ற நூறு பேரில், அது இல்லாமல் கிடைத்திராத வேலையைப் பெற்றவர்கள் மூன்று பேருக்கும் குறைவு. அப்படிக் கூடுதலாக ஒருவர் வேலை பெற ஆன செலவு 17,000 முதல் 60,000 டாலர் வரை என்பது அவர் கணக்கு.

இந்தச் செலவுக் கணக்கு எப்படி இவ்வளவு ஏறுகிறது என்று நீங்கள் திகைக்கலாம். ஓர் எடுத்துக்காட்டு. ஒருவருக்கு 20,000 ரூபாய் செலவில் நூறு பேருக்குப் பயிற்சி. மொத்தம் 20 லட்சம். எழுபது பேருக்கு வேலை. பலகையை நம்பினால் ஒரு வேலைக்கு 30,000 ரூபாய்க்கும் குறைவு. ஆனால் பயிற்சி இல்லாமலே அறுபது பேர் வேலைக்குப் போயிருப்பார்கள் என்றால், திட்டம் உண்டாக்கியது பத்து வேலை. ஒரு வேலைக்கு இரண்டு லட்சம். அந்த இரண்டு லட்சம் கொடுக்கத் தகுந்ததா இல்லையா என்பது அடுத்த விவாதம். அது நடக்க வேண்டுமானால், முதலில் செலவை வகுக்க வேண்டிய எண் எழுபதா பத்தா என்று தெரிந்தாக வேண்டும்.

இதை வைத்துப் பயிற்சியே வீண் என்று சொல்லிவிடாதீர்கள். சராசரிக்குள் நல்லதும் கெட்டதும் கலந்து கிடக்கின்றன. கொலம்பியாவில் 2001 முதல் 2005 வரை ஏழு நகரங்களில் ஏழை இளைஞர்களுக்கு ஒரு திட்டம் நடந்தது: மூன்று மாதம் வகுப்பு, பிறகு மூன்று மாதம் ஒரு நிறுவனத்துக்குள்ளேயே வேலைப் பயிற்சி. குலுக்கல் வழியே அளந்தபோது பெண்களின் வருமானம் ஏறத்தாழ 20 விழுக்காடு கூடியிருந்தது. ஆண்களுக்கு அவ்வளவு இல்லை. பல ஆண்டுகள் கழித்துச் சமூகப் பாதுகாப்புப் பதிவுகளைப் பார்த்தபோதும், முறைசார்ந்த வேலையில் இருப்போர் பயிற்சி பெற்ற பக்கத்தில் கூடுதலாகவே இருந்தார்கள். வகுப்பறையோடு நிறுத்தாமல் பட்டறைக்குள் கொண்டுபோய் விட்டதுதான் இதற்குக் காரணம் என்று நான் நினைக்கிறேன். 'நினைக்கிறேன்' என்ற சொல்லைக் கவனமாகப் போட்டிருக்கிறேன். திட்டம் மொத்தமாக வேலை செய்தது என்பது நிரூபணம். அதன் எந்தப் பகுதி வேலை செய்தது என்பது ஊகம். நம் நாட்டில், தில்லியின் ஏழைக் குடியிருப்புகளில் பெண்களுக்குத் தன்னார்வ அமைப்புகள் நடத்திய ஆறு மாதத் தையல் பயிற்சியைப் புஷ்கர் மைத்ராவும் சுபா மணியும் குலுக்கல் முறையில் ஆராய்ந்தார்கள். வேலை செய்யும் வாய்ப்பு ஆறு விழுக்காட்டுப் புள்ளி கூடியது. ஒன்றரை ஆண்டு கழித்தும் பலன் நின்றது. பாதியில் விட்டவர்கள் ஏன் விட்டார்கள் என்று பார்த்தபோது, மையத்தின் தூரமும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததும் முன்னே வந்தன.

இதை நான் கொருக்குப்பேட்டையில் கண்ணால் பார்த்தேன். பயிற்சி முடித்த ஒரு பெண், பதிவேட்டில் 'வேலை பெறவில்லை' என்ற பட்டியலில் இருந்தார். வீட்டுக்குப் போனால், கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் ஒரு தையல் இயந்திரம், அதன் மிதிகட்டைக்கு அருகிலேயே தொட்டில். கையால் ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டே பேசினார். ஏற்றுமதி ஆடை நிறுவனத்தில் இடம் கொடுத்தார்களாம். காலை ஆறரைக்கு வேன் வரும், குழந்தையை எங்கே விடுவது என்று போகவில்லை. ஒரு பழைய நோட்டில் யார் யாருக்கு எத்தனை ரவிக்கை, எத்தனை புடவைக்கு ஃபால்ஸ், யார் பாக்கி என்று எழுதி வைத்திருந்தார். பயிற்சிக்கு முன் அவருக்குத் தைக்கவே தெரியாது. அம்பத்தூர் இளைஞர் பச்சை மையில் வெற்றியாக நிற்கிறார். இந்தப் பெண் தோல்விப் பட்டியலில் இருக்கிறார். இரண்டும் தலைகீழ். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமை வருகிறது, ஏனென்றால் அடுத்த ஆண்டு அந்த மையம் பதிவேட்டைப் பார்த்துத்தான் ஆள் எடுக்கும்.

வேலை பெற்றவர் எண்ணிக்கையை வைத்துப் பணம் தந்தால், எப்படியும் வேலைக்குப் போகக்கூடியவரையே மையம் தேடிப் பிடிக்கும். பாலில் ஏடு எடுப்பதுபோல. அமெரிக்காவில் 1982-இல் வந்த தொழிற்பயிற்சிச் சட்டத்தின்கீழ் நடந்த மையங்களுக்கு இப்படிக் குறுகிய கால இலக்குகள் இருந்தன. பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் ஹெக்மனும் அவரோடு சேர்ந்தவர்களும் அதை ஆராய்ந்து, அந்த இலக்குகளில் மேலே நின்ற மையங்களுக்கும் உண்மையில் நீண்டகாலப் பலன் தந்த மையங்களுக்கும் சொல்லும்படியான தொடர்பு இல்லை என்று காட்டினார்கள். இங்கே இன்னொரு வகையும் பார்த்திருக்கிறேன். ஒரு மையத்தின் பட்டியலில் வரிசையாக ஒன்பது பேரின் தொலைபேசி எண்ணை அழைத்தேன். ஐந்து எண்களை எடுத்தவர் ஒரே ஆள், மையத்தின் ஊழியர். பணி நியமனக் கடிதம் மட்டும் கோப்பில் இருக்கும். மூன்றாம் மாதச் சம்பளச் சீட்டு இருக்காது. எல்லா மையமும் இப்படி என்று சொல்ல மாட்டேன். ஊழியர்கள் சொந்தக் கைக்காசில் பிள்ளைகளை நேர்காணலுக்கு அழைத்துப்போன மையங்களையும் பார்த்திருக்கிறேன்.

எண்ணிக்கையைப் படிக்கும்போது இன்னொன்றையும் பிரித்துப் பாருங்கள். 2015 ஜூலை 15 அன்று தொடங்கிய பிரதம மந்திரி திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் புதிதாகக் கற்பிக்கும் குறுகிய காலப் பயிற்சி ஒன்று. ஏற்கெனவே வேலை தெரிந்தவருக்குச் சில நாள் வகுப்பு எடுத்துத் தேர்வு வைத்துச் சான்று தருவது மற்றொன்று. இரண்டாவதில் வருபவர் பெரும்பாலும் முன்பே வேலையில் இருப்பவர். இரண்டையும் ஒரே கூட்டலில் போட்டு 'இத்தனை லட்சம் பேர் பயன்' என்றால் அதிலிருந்து எதுவும் தெரியாது. அத்திட்டத்தில் வேலை பெற்றோர் எண்ணிக்கை, குறுகிய காலப் பயிற்சிக்கு மட்டும், முதல் மூன்று கட்டங்களில்தான் தொடர்ந்து பதியப்பட்டது. பலகையில் உள்ள 'பத்து பேர்' யார்? விண்ணப்பித்தவரா, சேர்ந்தவரா, முடித்தவரா, தேர்வில் தேறியவரா? வகுத்த எண் மாறினால் விழுக்காடு வானத்துக்கும் பாதாளத்துக்கும் போகும்.

இனி உறுதி குறைந்த இடத்துக்கு வருகிறேன். பயிற்சி பெற்றவர் வேலைக்குப் போனதால், பெறாத இன்னொருவர் அந்த வேலையை இழந்தாரா? நகரத்தின் மொத்த வேலையின்மையைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் இது உயிர்நாடியான கேள்வி. பிரான்சில் புரூனோ கிரெபோன், எஸ்தர் டஃப்லோ முதலிய பொருளாதார அறிஞர்கள் 235 பகுதிகளைத் தேர்ந்து, சில பகுதிகளில் யாருக்கும் உதவாமல், சிலவற்றில் கால்வாசிப் பேருக்கு, அரைவாசிப் பேருக்கு, முக்கால்வாசிப் பேருக்கு, சிலவற்றில் அனைவருக்கும் என்று வேலை தேடும் உதவியைப் பிரித்துக் கொடுத்தார்கள். உதவி பெற்ற இளைஞர் பெற்ற ஆதாயத்தில் ஒரு பகுதி, அதே ஊரில் உதவி பெறாத இளைஞரின் இழப்பிலிருந்து வந்தது. அந்த ஆதாயமும் விரைவில் கரைந்தது. அது பயிற்சித் திட்டமன்று, வேலை தேடித் தரும் திட்டம், ஊரும் பிரான்ஸ். சென்னைக்கோ கோவைக்கோ அதை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் ஆட்கள் வரிசையில் நிற்கும் வேலைக்கு, டேட்டா என்ட்ரி, கடை விற்பனை போன்றவற்றுக்கு, மேலும் ஆட்களைத் தயார் செய்தால் வரிசையில் இடம்தான் மாறும். ஆள் கிடைக்காமல் நிறுவனம் தவிக்கும் வேலைக்குத் தயார் செய்தால் இந்த ஆபத்து குறைவு. இதைத் தர்க்கத்தால் சொல்கிறேன். நம் நகரங்களுக்கு அந்த அளவு கறாரான அளவீட்டை வைத்துச் சொல்லவில்லை.

காலமும் ஏமாற்றும். டேவிட் கார்டு, யோகன் குளுவே, ஆந்திரியா வேபர் என்ற பொருளாதார அறிஞர்கள் மூவரும் 200-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், முதல் ஓராண்டுக்குள் சராசரிப் பலன் பூஜ்யத்துக்கு அருகில். இரண்டு, மூன்று ஆண்டுகளில் கூடுகிறது. ஆகவே ஆறாம் மாதத்தில் தோல்வி என்று மூடிவிடுவது அவசரம். ஆனால் நம் ஊர்களில் மூன்று ஆண்டு கழித்து ஆளைத் தேடுவது பெரும்பாடு. சென்னையில் நகரத்துக்குள் குடிசையில் இருந்தவர்களை ஓரத்தில் உள்ள கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் மாற்றிவிடுவார்கள்; பழைய முகவரியில் போனால் தகரத் தடுப்பு இருக்கும். கண்டுபிடிக்க முடிந்தவர்களை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால், நிலையாக இருப்பவர்களின் கதைதான் கிடைக்கும். என் ஆய்வுகளிலும் இந்த ஓட்டை உண்டு. எத்தனை பேரைத் தவறவிட்டோம் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதுவது தவிர இதற்கு முழு மருந்து இல்லை.

உங்கள் தெருவில் வேலையின்மை குறையவில்லை என்ற கவனிப்பைப் பற்றியும் ஒரு சொல். அதை வைத்து மட்டும் திட்டத்தைக் குற்றம் சொல்ல வேண்டாம். ஆண்டுக்குச் சில நூறு பேரைப் பயிற்றுவிக்கும் மையம் நகரத்தின் விகிதத்தை அசைக்காது. ஒரு தொழிற்சாலை திறந்தாலோ மூடினாலோ அது அசையும். மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பில், கடந்த ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலே வார நிலைக் கணக்கில் அவர் வேலையில் இருப்பவர். ஏழை வீட்டில் யாரும் சும்மா இருக்க முடியாது. சுமை தூக்குவார், கேட்டரிங்குக்குப் போவார். அதே கணக்கெடுப்பில் வேலையின்மை அதிகமாகத் தெரிவது படித்தவர்களிடம். ஏழைக் குடியிருப்புக்கான பயிற்சியின் வெற்றியை 'வேலை உண்டா' என்று கேட்பதைவிட, மாதத்தில் எத்தனை நாள் வேலை, எவ்வளவு கூலி, வைப்பு நிதி பிடிக்கிறார்களா, அடுத்த மாதமும் அந்த வேலை இருக்குமா என்று கேட்டால்தான் தெரியும்.

நீங்கள் என்ன செய்யலாம்? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடுங்கள். பெயரும் தொலைபேசி எண்ணும் தர மாட்டார்கள், தரவும் கூடாது. எண்ணிக்கை மட்டும் கேளுங்கள். ஒவ்வொரு பயிற்சி அணியிலும் (பேட்ச்) விண்ணப்பித்தவர், சேர்ந்தவர், முடித்தவர், தேறியவர், வேலைக்கு அனுப்பப்பட்டவர், மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் அதே வேலையில் இருந்தவர் எத்தனை பேர் என்று. பிறகு உங்கள் பகுதியிலேயே பயிற்சி முடித்த பதினைந்து பேரையும், விண்ணப்பித்து இடம் கிடைக்காத பதினைந்து பேரையும் தேடிப் பிடித்துப் பேசுங்கள். முப்பது பேரை வைத்து விழுக்காடு சொல்லக் கூடாது. சொன்னால் பலகை செய்த தவறையே நீங்களும் செய்வீர்கள். ஆனால் எந்தப் பயிற்சி எந்த வேலைக்குக் கொண்டுபோகிறது, யார் ஏன் விட்டார்கள் என்பது அந்த முப்பது பேரிடமே தெரிந்துவிடும். பேசப் போகும்போது மையத்தின் பெயரை முதலில் எடுக்காதீர்கள். எடுத்தால் நன்றியோ கோபமோ முன்னே வந்து பதிலை வளைத்துவிடும். பயிற்சியில் சேர்வதற்கு, அல்லது விண்ணப்பம் போடுவதற்கு, முந்தைய மாதம் என்ன செய்துகொண்டிருந்தார், எவ்வளவு சம்பாதித்தார் என்று முதலில் கேளுங்கள். அதை எழுதி முடித்த பிறகு இன்றைய நிலையைக் கேளுங்கள். மையத்தைப் பற்றிய கேள்வியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.